பச்சைக் குழாய்

தொண்ணூறு நிமிஷத்துக்குள் ஆள் வந்துவிடுவார், காரை விட்டுத் தூரமாகப் போக வேண்டாம் என்று போனில் ஒரு பெண் சொல்லிக் கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் சென்னியப்பன் காரை ஏழு தடவை சுற்றிவிட்டார். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்சக்கரத்துக்கு ஓர் உதை. சக்கரம் என்ன செய்யும் பாவம், அது எப்போதும் போல உருண்டையாகத்தான் இருக்கிறது என்று இடப்பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த பூங்கோதை நினைத்தாள். ஸ்காட்லாந்தின் மலைப்பக்கம் அது. மனுஷ வாடையே இல்லை. மரம்கூட இல்லை. கறுத்த ஈரமண்ணும் புதரும் கல்லும், கறுப்பு மூஞ்சி ஆடுகள் நாலைந்தும், வானத்திலிருந்து சாய்வாக விழும் தூறலும். பகல் பன்னிரண்டு மணிக்கு விடிகாலை மாதிரி ஒரு வெளிச்சம். கார் ஒதுங்கி நிற்பதற்கென்றே சாலையோரம் கட்டிவிட்ட திட்டில் அவர்களுடைய வாடகைக் கார் செத்துப்போய் நின்றது. கண்ணாடியில் விரல் முட்டி தட்டியது. சென்னியப்பன்தான். அவள் கண்ணாடியை இறக்கினாள். "இன்னும் இங்கயே உக்காந்திருக்கிற? எறங்கி அந்தப் பக்கம் போயி ஸ்டேரிங்குல உக்காரு புள்ள. அவன் வர்றதுக்குள்ள." அவள் "போறேனுங்க" என்றாள். கண்ணாடியை ஏற்றினாள். அசையவில்லை. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் அவர் சொன்ன சொல்லுக்கு உடம்பு எழுந்திருக்காதது இதுதான் முதல் தடவை என்று அவளுக்கே தோன்றியது. பசித்தது. காலையில் மகள் கட்டிக்கொடுத்த புளிசாதம் பின்சீட்டில் இருக்கிறது. இருக்கட்டும்.

மகள் கயல் எடின்பரோவில் வேலையில் இருக்கிறாள். லீவு கிடைக்கவில்லை, நீங்கள் ரெண்டு பேரும் மூன்று நாள் மலையைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று கார் பதிந்து கொடுத்தாள். அம்மா பேரில் பதிந்தாள். அப்பாவுடைய லைசென்ஸ் பங்குனியிலேயே காலாவதியாகிவிட்டது. "அம்மா, இங்க கார எடுக்கறவங்க பேரு மட்டுந்தான் கணக்கு. வேற யாராச்சும் ஓட்டுனா இன்சூரன்ஸும் கெடயாது, போலீஸ் புடிச்சா கேஸு. சாவிய அப்பாட்டக் குடுத்துராத." குடுத்துராத. என்னவோ அவள் கேட்டுக் கேட்டுத்தான் இதுவரை எல்லாம் கொடுத்த மாதிரி. வாடகை அலுவலகத்தில் இருந்த பெண் சாவியைப் பூங்கோதையின் உள்ளங்கையில் வைத்து, அவள் பேரைக் கடித்துத் துப்பிச் சொல்லி, சிரித்து அனுப்பினாள். பூங்கோதை ஓட்டினாள். முழுசாக இரண்டு மைல், மூன்று ரவுண்டானா. சென்னியப்பன் பக்கத்தில் மடியில் கை வைத்து, தெரிந்தவர் யாரும் பார்த்துவிடுவார்களோ என்கிற மாதிரி குனிந்தே வந்தார். இந்த ஊரில் அவரை யாருக்குத் தெரியும்? மூன்றாவது ரவுண்டானா தாண்டியதும், "நிறுத்து" என்றார். அவள் நிறுத்தினாள். இங்கேதான் ஒவ்வொரு தடவையும் அவள் நினைப்பு போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஏன் நிறுத்தினாள்? அவர் கத்தவில்லை, கையைப் பிடித்து இழுக்கவில்லை. நிறுத்து என்றார், அவ்வளவுதான். அவள் இண்டிகேட்டர் போட்டு, பின்னால் பார்த்து, ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக் கொடுத்தபடி ஒரு குறையும் இல்லாமல் நிறுத்தினாள். அடிமை வேலையையும் எவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறாள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு வண்டியைச் சுற்றி வரும்போது எதிரே வந்தவரிடம் சாவியை எடுத்து நீட்டினாள், அது ஸ்டேரிங் பக்கத்திலேயே இருந்திருக்கலாம், மெனக்கெட்டு எடுத்துக்கொண்டுபோய் நீட்டினாள்.

அப்புறம் அந்த பங்க். ஊரில் பங்க் என்றால் ஆள் இருப்பான், பெட்ரோலா டீசலா என்று கேட்பான், ஜீரோ பாருங்க என்பான், மூடியைத் திறப்பதும் மூடுவதும் அவன் பாடு. சென்னியப்பன் முப்பது வருஷமாக வண்டி வைத்திருக்கிறார், ஒரு நாளாவது அந்தக் குழாயைத் தொட்டிருப்பாரா? இங்கே ஆளே இல்லை. நாமேதான் பிடித்துக்கொள்ள வேண்டும். பச்சையில் ஒரு குழாய், கறுப்பில் ஒரு குழாய். மூடியைத் திறந்தால் உள்பக்கம் எழுதி ஒட்டியிருந்தது, டீசல் என்று, எறும்புக்கும் தெரிகிற எழுத்தில். "ஏனுங்க, டீசல்னு போட்டிருக்குதுங்க" என்றாள். "எனக்குத் தெரியும், நீ சும்மா இரு." பச்சைக் குழாயை எடுத்துச் செருகினார். பச்சை பெட்ரோல் என்று குழாய்மேலேயே எழுதியிருந்தது. அவள் மறுபடி வாயைத் திறந்தாள், அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். அதையும் ஒழுங்காக மூடிக்கொண்டாள். எட்டு மைல் வந்தது கார். அப்புறம் இருமியது, குலுங்கியது, விக்கியது, நின்றது. நின்றபோது சென்னியப்பன் சொன்ன முதல் வார்த்தை, "வாடகைக் காரு, அப்பிடித்தான் இருக்கும்" என்பது.

உதவிக்கு அவள்தான் போன் செய்தாள், சாவி வளையத்தில் நம்பர் இருந்தது. எடுத்தவள் நிதானமாகப் பேசினாள். பத்திரமாக இருக்கிறீர்களா, ஓரமாக நிற்கிறீர்களா, யாருக்காவது உடம்பு சரியில்லையா. அந்தக் குரலைப் பூங்கோதைக்குத் தெரியும். கரூரில் மின்வாரியப் புகார் மையத்தில் இருபத்திரண்டு வருஷமாக அவள் பேசுகிற குரல் அது. காதில் மாட்டிய கருவி, மேஜைக்கடியில் வீங்கின கால், ஆறிப்போன டீ, அப்படி ஒருத்தி இந்த ஊரிலும் உட்கார்ந்திருக்கிறாள். "மேடம், நாங்க ஒண்ணுமே பண்ணலீங்க, கரண்டு தானாப் போயிருச்சுங்க" என்பார்கள் கரூரில் கூப்பிடுகிறவர்கள். பின்னால் வீட்டுக்காரம்மா "அந்த ஹீட்டரச் சொருகுனீங்கல்ல" என்று முணுமுணுப்பது கேட்கும். "நீ வாய மூடு" என்பதும் கேட்கும். பூங்கோதை எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பாள். கேட்டுவிட்டு ஒரு நொடி பேசாமல் இருப்பாள், அந்தம்மாவுக்காக. அப்புறம் சரிங்க ஆள் அனுப்பறோம் என்பாள். இன்றைக்குப் போனில் இருந்தவள் கேட்டாள், கடைசியாக என்ன எரிபொருள் போட்டீர்கள் என்று. பூங்கோதை சென்னியப்பனைப் பார்த்தாள். அவர் கையை ஆட்டினார், சொல்லாதே என்று. "தெரியவில்லை" என்றாள். போனில் அந்தப் பெண் ஒரு நொடி பேசவில்லை. அந்த ஒரு நொடி பூங்கோதையின் கன்னத்தில் வைத்த மாதிரி இருந்தது. ஓட்டியது யார் என்று அவள் கேட்கவில்லை. வருகிறவன் கேட்பான். கேட்காமல் விடுவானா, கையில் படிவத்தோடுதான் வருவான்.

கேட்டால் என்ன சொல்வது? நான்தான் ஓட்டினேன், நான்தான் ஊற்றினேன். இதைத்தான் சென்னியப்பன் சொல்லச் சொல்லியிருக்கிறார். சொன்னால் முடிந்தது. நாற்பத்தாறு வயதில் காலை ஐந்தரை மணிக்கு வாக்கிங் போகிறேன் என்று கிளம்பி, திருமாநிலையூர் பக்கம் டிரைவிங் ஸ்கூல் காரில் ஏறி, தெரிந்தவர் கண்ணில் படாமல் முக்காட்டைப் போட்டு, முப்பத்திரண்டு நாள் கற்றுக்கொண்டு, எட்டுப் போட்டுக் காட்டி வாங்கின லைசென்ஸ் அது. இன்ஸ்பெக்டர் "நல்லா ஓட்டறீங்கம்மா" என்றார். உலகத்தில் அவளைப் பற்றி ஒரு ஆம்பளை வாய் நிறையச் சொன்ன நல்ல வார்த்தை அதுதான். வீட்டு வண்டியை அவர் கொடுக்கவில்லை. பைபாஸில் லாரிக்காரன் ஏற்றிவிடுவானாம். ஒரே தடவை ஓட்டியிருக்கிறாள், அவருக்கு டெங்கு வந்த வருஷம். நூற்று மூன்று காய்ச்சல், நினைவு தப்பித் தப்பி வந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆள் கிடைக்கவில்லை. அவளே ஓட்டினாள், நூற்றி முப்பது கிலோமீட்டர், பக்கத்தில் அவர் தலை தொங்க. பிழைத்து வந்து எல்லோரிடமும் சொன்னார், "நூத்தி மூணு காய்ச்சல்ல நானே ஓட்டிட்டுப் போனேன்ல." பொய் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்லவில்லை, அவர் அப்படித்தான் நம்புகிறார். சொல்லும்போதெல்லாம் அவள் காபித் தம்ளர்களோடு அங்கேயே நின்றிருக்கிறாள். சர்க்கரை போதுமா என்று கேட்டிருக்கிறாள். அந்த மனுஷனைவிட அந்தச் சர்க்கரை கேட்டவள்மேல்தான் இப்போது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வெளியே பேச்சுச் சத்தம். சென்னியப்பன் போனைக் காதில் வைத்துக்கொண்டு காற்றுக்கு முதுகு காட்டி நின்றார். கரூரில் அவர் தம்பி. இந்தக் காட்டில் நூல் பிடித்த மாதிரி ஒரு சிக்னல் இருந்து தொலைத்தது. கண்ணாடியை ஒரு விரல்கடை இறக்கினாள். "ஆமாந் தம்பி, நடுக்காட்டுல நிக்குது. வேறென்ன, உங்க அண்ணிக்கு ஆசயா இருக்குதேன்னு வண்டியக் குடுத்தேன். டீசல் வண்டிக்குப் பெட்ரோல ஊத்தி வச்சிட்டா. நாஞ் சொல்லச் சொல்லக் கேக்கல. பொம்பளைங்க கையில குடுத்தா அப்பறம்..." சிரித்தார். அந்தப் பக்கமும் சிரித்திருப்பான். இன்னும் உதவிக்கு வருகிறவன் வந்து சேரவில்லை, கதை கரூர் போய்ச் சேர்ந்துவிட்டது. இந்நேரம் தம்பி பெண்டாட்டிக்குத் தெரிந்திருக்கும், ராத்திரிக்குள் மாமியார் வீட்டு வகையறா முழுக்கத் தெரியும், அடுத்த கல்யாணத்தில் பந்தியில் இலை போடுகிறவன் வரைக்கும் கேட்பான், என்னங்கக்கா, பெட்ரோல ஊத்தீட்டீங்களாமா என்று. அவள் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே ரசம் வேணுமா என்பாள். சாகிறவரைக்கும் அவள் வண்டி ஓட்டின கதை இதுதான். பூங்கோதைக்கு உடம்பெல்லாம் சுட்டது. இந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தாள். சண்டை போட்ட நாட்களில் நினைக்கிற மாதிரி இல்லை, நிதானமாக, கத்தரிக்காய் பிடிக்காது என்கிற மாதிரி. பிடிக்கவில்லை. அந்தப் பிடரியைப் பிடிக்கவில்லை. இடுப்பில் கை வைத்து நிற்கிற நிற்பைப் பிடிக்கவில்லை.

அவர் போனைக் கண்ணுக்கு நேரே தூக்கி நம்பர் தேடினார். தலையை இடது பக்கம் நன்றாகத் திருப்பி, வலது கண்ணால் பார்த்தார். கோழி தீனியைப் பார்க்கிற மாதிரி. அதை ரொம்ப நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். பேப்பர் படிக்கும்போது அப்படி, டி.வி. பார்க்கும்போது அப்படி. லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டர் சர்டிபிகேட் வேண்டும், கண் பார்ப்பார்கள், அதற்குத்தான் போகவில்லை. நேரமில்லை நேரமில்லை என்று பங்குனியிலிருந்து ஆவணி வரைக்கும் ஓட்டினார். காலையில் ஒரு கல்சுவரை இடப்பக்கக் கண்ணாடி உரசிக்கொண்டு வந்தது, அவள் கத்தினாள், அவர் "எல்லாம் தெரியும்" என்றார். தெரியவில்லை. பங்க்கில் மூடி அவருக்கு இடப்பக்கமாகத் திறந்து நின்றது. அவருக்கு அந்த எழுத்து தெரியவே இல்லை. கண்டுகொள்ளாமல் ஊற்றவில்லை, கண்ணில் படாமல் ஊற்றியிருக்கிறார். இது மனதில் பட்டதும் பூங்கோதைக்கு ஐயோ என்று இருந்தது. இந்த ஐயோதான் அவளுக்கு எமன். எல்லாம் சரியாகக் கோபப்பட்டுக்கொண்டே வரும், கடைசியில் இந்த ஐயோ வந்து கதவைத் திறந்துவிட்டுவிடும். பாவம், பயந்திருக்கிறார், அவர் அப்பாவும் கடைசியில் கண் தெரியாமல் சுவரைத் தடவித் தடவிப் போனவர். பாவந்தான். ஆனால் அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதானே இவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு வண்டி மட்டும் போகிற சாலையில், எதிரே மரம் ஏற்றின லாரி வர வர, அறுபது மைல் வந்திருக்கிறார்? எந்தப் பக்கத்தில் உட்கார வைத்தார்? இடது பக்கத்தில். தெரியாத பக்கத்தில். செத்தால் முதலில் சாகிறவள் அவள், அதுவும் அவருக்குத் தெரியாமலே. ஐயோ அடங்கிப்போயிற்று. நாளைக்கும் நாளன்றைக்கும் இன்னும் இருநூறு மைல் இருக்கிறது. கேட்கட்டும். வருகிறவன் கேட்கட்டும், உள்ளது உள்ளபடி சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தாள், வாய்க்குள்ளேயே. என் கணவர் ஓட்டினார். அவருக்கு லைசென்ஸ் இல்லை. சின்னச் சின்ன வாக்கியம்தான், பத்தாவது படிக்கிற பிள்ளை சொல்லும். கேட்டால் சொல்லிவிடலாம். கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்வது என்ன துரோகமா? போலீஸ் வந்தால்? வரட்டும். கையில் விலங்கு போடுவார்களா, இந்த ஊரில் அப்படிச் செய்வார்களா, கயலுக்கு வேலையில் ஏதாவது வருமா? மறுபடியும் முதலிலிருந்து நினைத்தாள். ரவுண்டானா, நிறுத்து, இண்டிகேட்டர்.

மஞ்சள் வேன் வந்தபோது எழுபது நிமிஷம் ஆகியிருந்தது. அவள் கடைசிவரை இடப்பக்கத்திலேயே இருந்தாள். சென்னியப்பன் ஓடி வந்து கதவைத் திறந்து, "சொன்னது ஞாபகம் இருக்குதல்ல?" என்று பல்லுக்குள் பேசி, அவள் கையைப் பிடித்து இழுத்து இறக்கினார். வேனிலிருந்து இறங்கியவருக்கு அறுபது வயது இருக்கும், செம்பட்டைத் தாடி, மழையை ஒரு பொருட்டாக மதிக்காத தலை. பெட்ரோல் மூடியைத் திறந்து முகர்ந்தார். சிரித்தார். வாரத்துக்கு மூன்று பேர் இப்படி, போன வாரம் ஒரு பாதிரியார் என்று சொன்னார். வேறொன்றும் கேட்கவில்லை. பூங்கோதை பக்கத்திலேயே போய் நின்றாள், கேட்பார் கேட்பார் என்று. அவர் குழாயை உள்ளே விட்டு டாங்கியைக் காலி செய்தார், எதையோ கழுவினார், கேனிலிருந்து டீசல் ஊற்றினார். உங்கள் ஊர் எப்படி இருக்கும், வெயிலா என்று கேட்டார். சென்னியப்பன் நாற்பத்தொரு டிகிரி என்று பெருமையாகச் சொன்னார். தாடிக்காரர் படிவத்தை நீட்டினார், ஓட்டுநர் என்கிற இடத்தில் அவள் பேர் ஏற்கனவே அச்சாகி வந்திருந்தது, கையெழுத்து மட்டும் போடச் சொன்னார். அவள் போட்டாள். முக்கால் மணி நேரத்தில் கார் உறுமி எழுந்தது. அவ்வளவுதான், ஆள் கேட்கவே இல்லை. அவள் அத்தனை நேரம் வாய்க்குள் உருட்டி வைத்த பதில் அப்படியே கிடந்தது. தப்பித்தோம் என்று அவள் உடம்பு தளர்ந்தது, தளர்ந்ததை உணர்ந்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. தாடிக்காரர் இன்ஜினை நிறுத்தி இறங்கினார். சாவியைக் கொடுக்கக் கையை நீட்டினார். யாரிடம் நீட்டுவார்? உலகத்தில் எல்லோரும் யாரிடம் நீட்டுவார்களோ அவரிடந்தான். சென்னியப்பன் கையை விரித்தார்.

"அவருக்கு லைசென்ஸ் இல்லை" என்று இங்கிலீஷில் ஒரு குரல் சொன்னது. பூங்கோதையின் குரல்தான், புகார் மையத்துக் குரல், நிதானமாக. "நான்தான் டிரைவர்." யாரும் கேட்காத பதில். தாடிக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சாவி அவர் விரலில் தொங்கிக்கொண்டு நின்றது. அப்புறம் கையை அரை வட்டம் திருப்பி அவள் உள்ளங்கையில் வைத்தார். மற்றது எதையும் நான் கேட்கவில்லை அம்மா, பார்த்துப் போங்கள் என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போயே போய்விட்டார். சாலை மறுபடி காலியாயிற்று. "என்னடி பேசுன நீ?" என்றார் சென்னியப்பன். "வெள்ளக்காரன் முன்னால வச்சு என்ன பேசுன? இங்க குடு சாவிய." அவள் கை தானாகக் கொஞ்சம் முன்னால் போயிற்று. நிஜமாகவே போயிற்று, அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் விரல்களை மூடினாள். "உங்களுக்கு எடது கண்ணு தெரியலீங்க" என்றாள். "ரெண்டு வருஷமாத் தெரியல. எனக்குத் தெரியும்." மழை அவர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. அவள் அந்த முகத்தைப் பார்க்காமல் போய் வலப்பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். அவர் காலுக்காகத் தள்ளிப்போட்ட இருக்கை, பெடல் எட்டவில்லை, முன்னால் இழுத்தாள்.

வெகுநேரம் அவர் வெளியிலேயே நின்றார். ஏறாவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. விட்டுவிட்டுப் போக முடியாது, போகிறவளாக இருந்தால் எப்போதோ போயிருப்பாள். கூப்பிடவும் இல்லை. ஸ்டேரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். கரூரில் கதை போன வழியே போய்க்கொண்டிருக்கும், அதை இனி யாராலும் பிடிக்க முடியாது. கடைசியில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பக்கத்துக் கதவு இல்லை. பின்கதவு. சென்னியப்பன் பின்சீட்டில், புளிசாதப் பைக்குப் பக்கத்தில், முதலாளி மாதிரி உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினார். உள்கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது, ஈரமாக, வெறுப்பாக, திடீரென்று ரொம்ப வயதாகி. பூங்கோதை கண்ணாடியைத் திருப்பினாள். அவர் முகம் நகர்ந்து போய், பின்னால் சாலை தெரிகிறவரைக்கும் திருப்பினாள்.

"பெல்ட்டப் போடுங்க" என்றாள்.

பெல்ட் மாட்டுகிற சத்தம் கேட்கவில்லை.

"போட்டாத்தான் எடுப்பேன்."

இன்ஜினைக்கூட அவள் தொடவில்லை. அவசரம் ஒன்றும் இல்லை, பொழுது சாய்கிறவரைக்கும்கூட உட்கார்ந்திருக்க அவளால் முடியும்.